மாதுங்கா மழையில் ஓர் ஓவியப் பலகை

முலுண்டில் இருக்கும் நாத்தனார் கேட்டிருக்கிறாள்: "அண்ணி, உங்கள் வீட்டில் பிள்ளைகள் வரைகிற பலகை, அதன் விலை கடையில் இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா?" தொலைபேசியில் ஆரம்பித்தால் கோபம் அடங்காது. அதனால் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு, மேலே காகிதச் சுருள், கீழே வண்ணக் கிண்ணம் வைக்கத் தட்டு. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. இல்லாதது மும்பை மழைக்காலம். சட்டம் மட்டும்தான் மரம். பலகை, மரத்தூளை அழுத்திச் செய்தது. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை உள்ளாடைகூடக் காயாத ஊரில், தினமும் ஈரத்துணி படுகிற பலகை என்ன ஆகும்? முதல் மழைக்காலத்திலேயே கீழ் ஓரம் உப்பி, மேல்பூச்சு எழும்பிவிட்டது. அந்த இடுக்கில் நகத்தை விட்டு உரிப்பதைப் பெரியவன் தனிக் கலையாகவே வளர்த்துவருகிறான். விற்றவர்களிடம் கேட்டேன். உலர்ந்த துணியால்தான் துடைக்க வேண்டுமாம். காய்ந்த போஸ்டர் கலரை உலர்ந்த துணியால் துடைத்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

வெள்ளைப் பக்கம் மெலமைன் பூச்சு. பீங்கான் எனாமல் பலகையைப் போல இறுக்கமானது அல்ல, மை உள்ளே இறங்கிவிடும். துடைக்காமல் விட்ட ஒரு பச்சை யானை இன்றும் அங்கே நிற்கிறது. கப்பல் வரைந்தாலும் சரி, பிள்ளையார் வரைந்தாலும் சரி, பின்னால் ஒரு தும்பிக்கை தெரியும். பிள்ளையாருக்குப் பரவாயில்லை. சானிட்டைசர் போட்டுத் தேய்த்தால் கறை ஓரளவு போகிறது, கூடவே பளபளப்பும் போகிறது.

காகிதச் சுருள் தீர்ந்தபின் அந்த அகலத்தில் கிடைக்கவில்லை. 22-க்கு 28 அங்குல சார்ட் தாளைக் கிளிப் போட்டு மாட்டுகிறோம், போதும்.

கறுப்புப் பக்கத்தைப் பற்றி மட்டும் குறை சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. வாசல் என்பது எல்லோரும் நடக்கிற நடை. கோலம் போட்டால் பால்காரர் வருவதற்குள் செருப்புத் தடம் விழுந்துவிடும். ஸ்டிக்கர் கோலத்தோடு மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த மாமியார், ஒரு மார்கழிக் காலையில் சாக்பீஸை எடுத்து, 5 புள்ளி 5 வரிசை வைத்துச் சிக்குக் கோலம் இழுத்தார். சின்னவள் பின்னாலேயே விரலை ஓட்டினாள். அன்றிலிருந்து புள்ளி பாட்டி, கோடு பேத்தி. ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது, கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும் என்பது பாட்டியின் சட்டம். விட்டுப்போன புள்ளிக்கு உடம்பும் வாலும் வரைந்து மீனாக்கிவிடுவது பேத்தியின் சாமர்த்தியம். "இது குளத்துக் கோலம்" என்று பாட்டியும் இறங்கிவந்துவிட்டார்.

அந்த நேரத்தில் மறுபக்கம் அப்பாவும் பெரியவனும் ரயில் வரைகிறார்கள். ஒருவர் வரைவது இன்னொருவர் கண்ணில் படாததால், "என்னைப் பார்த்துத்தான் வரைகிறாள்" என்ற பஞ்சாயத்து இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சாமானைச் சுற்றிச் சண்டையில்லாமல் நிற்பது வேறு எதற்கும் நடந்ததில்லை, சாப்பாட்டு மேசை உட்பட.

ஆனாலும் 5-க்கு 2 மதிப்பெண்தான். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வாங்காதே. தச்சரிடம் சொல்லி, ஈரம் தாங்குகிற மரைன் பிளைவுட்டில் ஒரு பலகை செய்து, கரும்பலகைப் பெயின்ட் அடித்துக்கொள். அதுவரை எங்களுடையதை இரவல் தரச் சொல்லாதே, தரமாட்டேன். உப்பிய ஓரத்துக்கு வார்னிஷ் வாங்கி வைத்திருக்கிறேன், மழை விட்டதும் அடிக்க வேண்டும்.