பனோரமாவில் கட்டடம் சாயாமல் நிற்க: கையால் வைப்பதா, லைன்ஃபைண்டா, எல்எஸ்டியா?

படங்கள் பிசிறின்றி ஒட்டியிருந்தும் பனோரமாவில் அடிவானம் அலைபோல் வளைந்து, கட்டடங்கள் சாய்ந்து நிற்பதுண்டு. சாதாரண கண்ட்ரோல் பாயிண்டுகள் (இரு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகள்) ஒரு படம் இன்னொன்றோடு எப்படிப் பொருந்துகிறது என்று மட்டுமே காட்டும். மேல் எது, கீழ் எது என்று காட்டுபவை செங்குத்துக் கோடுகளே.

படங்களை ஒட்டிப் பனோரமா ஆக்கும் ஹியூகின் மென்பொருளில் இந்தக் கோடுகளைக் கையால் வைப்பதுதான் இன்றும் துல்லியமான வழி. கண்ட்ரோல் பாயிண்ட் தாவலில் இரு பக்கமும் ஒரே படத்தைத் திறந்து, சுவர் விளிம்பின் உச்சியில் ஒரு புள்ளி, அடியில் ஒரு புள்ளி வைத்து, வகையைச் செங்குத்துக் கோடு என மாற்றுங்கள். உச்சி ஒரு படத்திலும் அடி வேறொன்றிலும் இருந்தாலும் ஏற்கும். புள்ளிகளுக்கு இடையே 1000 பிக்சல் இருந்தால், ஒரு பிக்சல் பிசகு 0.06 பாகைச் சாய்வுதான். 100 பிக்சல் என்றால் 0.6 பாகை. ஆகவே நீளமான கோடுகளையே தேடுங்கள். அவை ஒரே திசையில் குவிந்திருந்தால் பயனில்லை: நேர் எதிரே உள்ள கோடு ரோலை (பக்கவாட்டுச் சாய்வை) திருத்தும், பிட்ச்சை (மேல்-கீழ்ச் சாய்வை) தொடாது. ஏறக்குறைய 90 பாகை விலகிய இரண்டு கோடுகள் இருந்தால் இரண்டும் சரியாகும். கட்டடமே இல்லாத ஏரிக்கரையா? அசையாத நீரில் ஒரு மர உச்சியும் அதன் பிம்பமும் ஒரே செங்குத்துக் கோட்டில்தான் இருக்கும்.

லைன்ஃபைண்ட், செங்குத்துக் கோடுகளைத் தானே தேடித் தரும், ஹியூகினோடு வரும் கட்டளை. படத்தை ஈக்விரெக்டாங்குலராக (சுற்றுக் காட்சியைத் தட்டையாக விரிக்கும் வடிவமாக) மாற்றிவிட்டுத் தேடுவதே இதன் பலம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் மூலப் படத்தில் சுவர்கள் மேலே குவியும். சரியாக மாற்றிய படத்தில் அவை நிமிர்ந்துவிடும். எதுவும் சொல்லாவிட்டால் படத்துக்கு 5 கோடுகள் வரை எடுக்கும். படங்கள் நிறைய இருந்தால் இதிலேயே தொடங்கலாம். ஆனால் சாய்ந்த விளக்குக் கம்பத்தையும், மேலே போகப் போகக் குறுகும் கோபுர விளிம்பையும் நிஜச் செங்குத்தென்று எடுத்துக்கொள்ளும்.

படங்களை அலசும் நிரல் நூலகமான ஓபன்சிவியில் சொந்தமாக நிரல் எழுதுவோர், கோடுகளைக் கண்டுபிடிக்க முதலில் ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம் என்ற முறைக்குப் போவார்கள். அதில் கோணத்துக்கு வழக்கமாக வைக்கும் 1 பாகைப் படி இந்த வேலைக்கு மிகவும் பெரிது: 1000 பிக்சல் உயரத்தில் 17 பிக்சல் விலகல். நேர்கோட்டுத் துண்டுகளைக் கண்டறியும் எல்எஸ்டி (லைன் செக்மென்ட் டிடெக்டர்) அதைவிட மேல், அளவுருக்களை அதிகம் திருகத் தேவையில்லை. 4.1.0 முதல் 4.5.3 வரையிலான ஓபன்சிவியில் உரிமச் சிக்கலால் அது நீக்கப்பட்டிருந்தது, பதிப்பைப் பாருங்கள். லென்ஸ் வளைவை முதலில் திருத்தாவிட்டால், ஒரே சுவர் விளிம்பைப் பல துண்டுகளாக உடைத்துக் கொடுக்கும்.

எங்கள் தேர்வு: லைன்ஃபைண்ட் கண்டதை வைத்து ஆப்டிமைஸ் செய்து (படங்களின் கோணங்களை ஹியூகினே கணக்கிடச் செய்து), பிழை தூரம் அதிகமுள்ள, அதாவது சரியாகப் பொருந்தாத, கோடுகளை நீக்கி, விடுபட்ட திசையில் ஒன்றைக் கையால் சேர்ப்பது. ஆப்டிமைஸ் செய்யும்போது ஆங்கர் படத்தின் (மற்றப் படங்களுக்கு அடிப்படையான படத்தின்) பிட்ச், ரோல் இரண்டையும் டிக் செய்யாவிட்டால் கோடு வைத்தும் பனோரமா நிமிராது. அதன்பின் ஸ்ட்ரெய்ட்டன் பொத்தானைத் தொடாதீர்கள். அது இந்தக் கோடுகளைப் பார்க்காமல், படங்கள் திரும்பியிருக்கும் கோணங்களை மட்டும் வைத்துச் சமன்செய்யும்.