சிச்சென் இட்சா குரூப் டூர் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்: எங்களுக்கு 596 டாலர் போச்சு

ஊர் திரும்பியும் ஆத்திரம் அடங்கவில்லை. அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்பதால், இந்தியாவிலிருந்து அப்பா அம்மா வந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் நிறைய பேர் மெக்சிகோவின் கடற்கரை ஊரான கான்கூனுக்கும், அங்கிருந்து மாயா என்ற பழங்குடி மக்கள் பிரமிடு கட்டி வாழ்ந்த பழைய நகரமான சிச்சென் இட்சாவுக்கும் அழைத்துப் போகிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துத் தப்பிக்க வேண்டும். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

உலகம் முழுக்க டூர் விற்கும் ஒரு புக்கிங் ஆப் அது. 'சின்ன குரூப், அதிகபட்சம் 12 பேர், ஆங்கிலம் பேசும் கைடு, நுழைவுக் கட்டணம் உட்பட, காலை 8 மணிக்குக் கேட் திறந்ததும் உள்ளே, திரும்பும்போது வயாதொலித் ஊர்' என்று போட்டிருந்தார்கள். ஆளுக்கு 149 டாலர். அப்பா, அம்மா, கணவர், நான் என நான்கு பேருக்கு 596.

பணம் கட்டும் முன்பே டூர் நடத்துபவர்களிடம் சாட்டில் எல்லாம் கேட்டேன். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெயிலில் ரொம்ப நேரம் நிற்க முடியாது, ஆனால் புனித செனோட்டேயைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் என்று எழுதினேன். அப்பா பொதுப்பணித் துறையில் ஏரி, கண்மாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிச்சென் இட்சா இருக்கும் யுகடான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். பாறைக்கூரை இடிந்து விழுந்த இடங்களில் பெரிய கிணறு போலத் திறந்து கிடப்பவைதான் செனோட்டே. மாயா மக்கள் அங்கே நகரம் கட்டி வாழ்ந்தது அந்தத் தண்ணீரை நம்பித்தான். சிச்சென் இட்சாவின் புனித செனோட்டேயைப் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தூர்வாரியபோது தங்கம், பச்சைக்கல், மனித எலும்புகள் எல்லாம் வந்தன. அப்பாவுக்குப் பிரமிடைவிட அதைப் பார்க்கத்தான் ஆசை.

சில நிமிடங்களில் பதில் வந்தது. "உங்கள் அப்பாவுக்கு வேனில் முன் சீட் ஒதுக்கிவிட்டோம். கைடு தொல்லியல் படித்தவர். வெயில் ஏறும் முன்பே செனோட்டே வரை மெதுவாக நடத்திக் கூட்டிப் போவார்." கைடின் போட்டோவையும் அனுப்பினார்கள். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறார்களே என்று அன்றைக்கே 596 டாலரைக் கட்டினேன்.

அன்று வேன் வந்தது. ஆனால் நேராக ஒரு பார்க்கிங்குக் கொண்டுபோய், ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. போட்டோவில் இருந்த கைடு வரவே இல்லை. வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நிறுத்தினார்கள். எரிமலைக் கண்ணாடிக் கத்தி, வெள்ளிப் பதக்கச் சங்கிலி, உங்கள் பெயரை மாயா எழுத்தில் பொறித்துத் தருகிறோம் என்று ஒரே நச்சரிப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். பஸ்ஸையும் பூட்டிவிட்டார்கள், அப்பா உட்காரக்கூட இடமில்லை.

அப்புறம் பஸ்ஸுக்குள்ளேயே 'அரசு வரி' என்று ஆளுக்கு 50 டாலர் ரொக்கமாகக் கேட்டார்கள். கட்டணம் உட்பட என்றுதானே விற்றீர்கள் என்றால், "அது டூர் கட்டணம், இது வரி. கொடுக்காதவர் வெளியே காத்திருக்கலாம்." அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு நடுக்காட்டில் என்ன செய்வது? 200 டாலர் கொடுத்தோம். கேட்டில் போய்ப் பார்த்தால் வெளிநாட்டவருக்கு 600 சொச்சம் பெசோ என்று எழுதியிருக்கிறது. அன்றைய மதிப்பில் 35 டாலர்தான் வரும்!

உள்ளே நுழையும்போது உச்சி வெயில். குகுல்கான் பிரமிடைச் சுற்றி நிழலே இல்லாத திறந்த வெளி. கைடு பத்து நிமிடம் ஸ்பானிஷில் பேசி, இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் மேல்தளமும் சேர்த்தால் 365. கை தட்டினால் கெட்சல் பறவை கத்துவது போல எதிரொலிக்கும் என்று தட்டிக் காட்டினார். அவ்வளவுதான், 40 நிமிடத்தில் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள் என்று போய்விட்டார். 168 மீட்டர் நீளமான பந்தாட்டக் களத்துக்குக் கூட்டிப் போகவே இல்லை. செனோட்டே எங்கே என்றால், "அதற்கெல்லாம் நேரமில்லை." பிரமிடிலிருந்து 300 மீட்டர்! அப்பாவின் நடைக்கு அந்த வெயிலில் போய்த் திரும்ப முடியவில்லை. "விடும்மா, பிரமிடைப் பார்த்தாச்சே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வயாதொலித்தில் பஸ் நிற்கவே இல்லை, தேவாலயத்தை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள்.

அன்று இரவே புகார் அனுப்பினேன். டூர்காரர்கள் ஆப்பிடம் கேள் என்றார்கள், ஆப் டூர்காரர்களிடம் கேள் என்றது. பிறகு, "நீங்கள் கான்கூன் மணியைப் பார்த்துக் குழம்பிவிட்டீர்கள், பஸ் நேரத்துக்குத்தான் போனது" என்று ஒரு பதில். சிச்சென் இட்சா இருக்கும் யுகடான் மாநிலத்தின் மணி கான்கூனுக்கு ஒரு மணி நேரம் பின்னால், உண்மைதான். அதைக் கழித்தாலும் நாங்கள் போனது உச்சிவேளைதான், போட்டோவிலேயே நேரம் இருக்கிறது. அனுப்பினேன். "சேவை வழங்கப்பட்டதாக டூர் நடத்துபவர் உறுதி செய்துள்ளார்" என்று புகாரை மூடிவிட்டு, அடுத்த டூருக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன் கொடுத்தார்கள். 596 டாலரை வாங்கிக்கொண்டு கூப்பன்!

சரி, கவனிக்க வேண்டியவை. மத்திய தொல்லியல் துறைக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று என இரண்டு டிக்கெட் உண்டு, டூர் விலையில் இரண்டும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். பஸ்ஸில் ரொக்கம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். முடிந்தால் முந்தின இரவே பக்கத்து ஊரான பிஸ்தேயிலோ வயாதொலித்திலோ தங்கி, 8 மணிக்கு நீங்களே போங்கள், உரிம அட்டை வைத்திருக்கும் கைடுகள் வாசலிலேயே கிடைப்பார்கள். ஞாயிறு வேண்டாம், உள்ளூர் மக்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது. இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை.

596 டாலருக்குக் கார்டு வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். ரொக்கமாகப் போன 200க்கு வழியே இல்லை. இதே மாதிரி ஏமாந்து வங்கி மூலம் பணம் திரும்ப வாங்கியவர்கள் இருந்தால், என்ன ஆதாரம் கேட்டார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.