முன்நெற்றி வேலை அருமை, விளக்கம்தான் போதாது
நான் முடி நட்டுக்கொண்ட கிளினிக்கில் கைவேலைக்குக் குறை சொல்ல முடியாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இல்லாமல் முன்வரிசையைக் கொஞ்சம் கோணல்மாணலாக விட்டு, அங்கே ஒற்றை முடி கிராஃப்டுகளை (நடுவதற்காக வேரோடு எடுக்கும் முடித் துணுக்குகள்) மட்டும் வைத்து, இரண்டு மூன்று முடி உள்ளவற்றைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். முடியும் முன்பக்கம் சாய்ந்தே வளர்வதால், நட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நட்ட முடி முதல் சில வாரங்களில் பெரும்பாலும் கொட்டிவிடும், 3-4 மாதத்தில்தான் மறுபடி முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய 12 மாதமாவது ஆகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? கொட்டியபோது உயிரே போய்விட்டது! உச்சந்தலை இன்னும் சுமார்தான், அது மெதுவாகத்தான் நிறையுமாம். அப்புறம், நடாத பழைய முடி உதிர்வது இதனால் நிற்காது. முடி உதிர்வைக் குறைக்கும் மினாக்சிடில் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.