விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்: வெள்ளவத்தை ‘ஸ்டூடியோ’ அனுபவம்

வெள்ளவத்தைப் பக்கம் வாடகைக்கு இடம் தேடுகிறவர்கள் காசை எண்ணிக் கொடுக்கமுன் இதை ஒருமுறை வாசியுங்கள். ஒரு வருட வாடகை ஆறு லட்சத்தை முற்பணமாகக் கொடுத்தேன். ஐந்து மாதம்தான் இருந்தோம். இப்போது நானும் தங்கச்சியும் பெரியம்மா வீட்டு ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறோம்.

விளம்பரத்தில் இருந்தது ‘450 சதுர அடி ஸ்டூடியோ, கீழ்த்தளம், கடலுக்கு இரண்டு நிமிடம்’. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஒரு ஒழுங்கை, ஐந்து மாடிக் கட்டடம். புரோக்கர் எங்களைக் கூட்டிப்போனது இரவு ஏழு மணிக்கு. இரவில் ஏன் காட்டினார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. புதுப் பெயின்ட், எல்ஈடி வெளிச்சம், தரையில் மரம்போல ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, யன்னலுக்கு நல்ல மொத்தமான திரை. திரையை விலக்கப் போனேன். “தம்பி, நுளம்பு வரும், விடும்” என்றார். விட்டேன்.

காலையில் விலக்கிப் பார்த்தால் யன்னல் திறப்பது கார் நிறுத்துகிற இடத்துக்குள். மேல்மாடிக்காரர் ஆறரைக்கு வாகனத்தை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கினால் புகை முழுக்க எங்கள் கட்டிலில். யன்னலைச் சாத்தினால் அறைக்குள் காற்று என்பதே இல்லை. இரண்டாம் மாதமே தங்கச்சியின் அலுமாரிக்குள் துணியெல்லாம் பூஞ்சணம். பேனையை மேசைக்குக் கீழே வைத்தால் தானாகவே வாசல் பக்கம் உருண்டு போகும். தரை சரிவு. அதையும் ஒரு பகிடியாகத்தான் எடுத்தோம்.

அளவு நாடா கொண்டு அளந்து பார்த்தேன். 12 அடிக்கு 19 அடி. அதாவது 228 சதுர அடி, குளியலறையும் குசினி மேடையும் அதற்குள்ளேதான். வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன். “படிக்கட்டு, கொரிடோர் எல்லாத்தின்ர பங்கும் சேர்த்துத்தான் மகன் சொல்றது” என்றார். படிக்கட்டில் போய்ப் படுக்க முடியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. பெரியவ, விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் உண்மை வெளிவந்தது. ஒருநாள் இரவு வாசலால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. விரிப்பைச் சுருட்டித் துடைக்கலாம் என்று தூக்கினேன். கீழே சீமெந்துத் தரையில் மஞ்சள் பெயின்டில் இரண்டு நீளக் கோடு, நடுவில் பெரிதாக 7 என்ற இலக்கம். நாங்கள் குடியிருந்தது ஏழாம் இலக்கக் கார் பார்க்கிங்கில்! சரிவு எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது: கார் கழுவும் தண்ணீர் வடிய.

பெரியம்மாவின் அயலவர் ஒருவர் டெக்னிக்கல் ஒஃபிசராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் போய்ச் சொன்னேன். 6 பேர்ச்சுக்கு, அதாவது 150 சதுர மீட்டருக்குக் குறைந்த காணித் துண்டுக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி இல்லை என்பது கொழும்பில் காணி தேடிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் ஒவ்வொரு அறைக்கும் குறைந்த அளவு, உயரம், தரைப் பரப்புக்கு ஏற்ற யன்னல் என்று விதி இருப்பதும், அந்த யன்னல் வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும் என்பதும் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். இந்த விதிகள் பழையவை: பிளேக் நோய் கொழும்புக்கு வந்தது 1914இல். அடுத்த வருடமே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. புதுக் கட்டடத்துக்கு, அங்கீகரித்த பிளான்படி கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் (சீஓசீ) கிடைக்கும்வரை காவல்காரரைத் தவிர ஒருவரும் அதில் குடியிருக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறதாம். 1978இல் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் விதிகள் அதற்கு மேல்.

“அன்ரி சீஓசீ காட்டினவ, சேர்” என்றேன். உண்மையாகவே காட்டினார், முத்திரையோடு. ஒஃபிசர் சிரித்தார். சான்றிதழ் போலி இல்லை, அது கட்டடத்துக்குக் கொடுத்தது. அங்கீகரித்த பிளானில் அந்த இடம் பார்க்கிங் என்றிருந்தால் அது பார்க்கிங்தான். அதில் ஆளைக் குடிவைக்கப் பயன்பாட்டை மாற்றுவதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். பார்க்கிங்குக்கு யன்னல் விதியும் இல்லை, அறை அளவும் இல்லை. அதனால்தான் இப்படி அடைத்து விடுகிறார்கள். சீஓசீயை மட்டும் பார்த்தது என் பிழை. அதோடு சேர்ந்த பிளானைக் கேட்டு, நீங்கள் படுக்கப்போகிற இடத்தில் விரல் வைத்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். ‘ஸ்டோர்’ என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று, வாடகை ஒப்பந்தம். ஆங்கிலத்தில் நாலு பக்கம். நான் தொகையையும் திகதியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். பிறகு வாசித்தால் அதில் வீடு என்ற சொல்லே இல்லை, ‘கீழ்த்தளக் களஞ்சியப் பகுதி’ என்றிருக்கிறது. அப்படியென்றால் ஆட்களுக்குத் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். மின்சார பில்லும் எங்கள் பெயரில் இல்லை, மேலிருந்து ஒரு வயர் இழுத்து சப்மீட்டர். வங்கிக்கு முகவரி காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட எங்களிடம் இருக்கவில்லை.

மிச்ச ஏழு மாதக் காசு மூன்றரை லட்சம். ‘நீங்களாத்தானே போறீங்கள்’ என்று முதலில் ஒரு சதமும் இல்லை என்றார்கள். சட்டத்தரணி கடிதம் போட்ட பிறகு ஒரு லட்சம் வந்தது. மீதிக்கு மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் தவணைக்கு அவர்கள் வரவில்லை, அடுத்தது வருகிற மாதம்.

போன கிழமை அதே அறை திரும்பவும் விளம்பரத்தில். வாடகை இப்போது அறுபதாயிரம், திரை நீலம், விரிப்பு சாம்பல் நிறம். போய்ப் பார்க்கிறவர்கள் வாசலுக்கு இடப்பக்க மூலையில் தூக்குங்கள், அங்கே பசை ஒட்டாது.