மெஸ்கால் சவர்: புகை ஷேக்கருக்குள்ளா, நுரைக்கு மேலேயா?

மெஸ்கால் என்பது புகை வாசம் வீசும் மெக்சிகோ மது, அதை எலுமிச்சையோடு நுரைக்கக் குலுக்கினால் மெஸ்கால் சவர். வீட்டில் இதைப் போடுவது பெரிய வித்தை இல்லை. மெஸ்கால் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22, சர்க்கரைப் பாகு 20, முட்டை வெள்ளைக்கரு 20. குலுக்கி வடிகட்டினால் முடிந்தது. சிக்கலெல்லாம் புகையில்தான். ஒரு நாள் போட்டால் புகை தூக்கலாக வரும், இன்னொரு நாள் தேடினாலும் கிடைக்காது. ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள்: முழுக்க மெஸ்கால் ஊற்று, டெகீலாவோடு கல, ஸ்காட்ச் சேர், புகைத் துப்பாக்கி வாங்கு.

சரி, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி, நண்பன், நான் என மூன்று பேர் உட்கார்ந்தோம். ஐந்து விதம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கிளாஸ் போட்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு ஐந்து முழு கிளாஸ் என்றால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. எது எதில் என்ன இருக்கிறது என்று போட்ட எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் அந்தப் புகை எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். மெஸ்காலின் தாய்வீடு மெக்சிகோவின் தெற்கில் இருக்கும் ஓஹாகா மாநிலம். அங்கே சாந்தியாகோ மத்தத்லான் என்ற ஊர், உலக மெஸ்கால் தலைநகரம் நான்தான் என்று சொல்லிக்கொள்கிறது. நம் ஊர் ரயில் பாதையோரம் முள்ளோடு நிற்குமே ஆனைக்கற்றாழை, அதன் சொந்தக்காரச் செடிகளில் இருந்து இறக்குவதுதான் இது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது எஸ்பதீன் என்ற ரகம். அது முற்றவே ஆறு முதல் எட்டு வருடம் ஆகும். மடல்களைச் சீவிவிட்டால் பெரிய அன்னாசிப்பழம் போல நடுப்பகுதி மிஞ்சும். தரையில் குழி தோண்டி, விறகெரித்துக் கற்களைச் சூடேற்றி, அதன் மேல் இதைக் குவித்து, சக்கை, பாய், மண் என்று போட்டு மூடிவிடுவார்கள். மூன்று நாள், ஐந்து நாள் என்று உள்ளேயே கிடந்து வேகும். புகை அப்போதே சதைக்குள் ஏறிவிடுகிறது. பிறகு நசுக்கி, புளிக்கவைத்து, இரண்டு தடவை காய்ச்சி வடித்தாலும் அது போவதில்லை. டெகீலாவுக்கு எடுப்பதும் கற்றாழைதான், நீல ரகம். ஆனால் அதைப் பெரும்பாலும் அடுப்பில் ஆவியில் வேகவைக்கிறார்கள். அதனால் அதில் புகை கிடையாது.

இப்போது கிளாஸ்களுக்கு வருவோம்.

முதல் கிளாஸ் முழுக்க எஸ்பதீன் மெஸ்கால், 60 மில்லி. நானே எதிர்பார்க்காதது, இதில் புகை அவ்வளவு முன்னால் வந்து நிற்கவில்லை. எலுமிச்சையின் புளிப்பு அதை அமுக்குகிறது, வெள்ளைக்கரு நுரை மீதியைப் போர்த்திவிடுகிறது. ஆனால் புகைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரிகிறது. சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தணலில் புதைத்துச் சுட்டால் தோல் கருகிய இடத்தில் ஒரு இனிப்பு வருமே, அது. கூடவே பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளினால் வரும் வாசம், கடைசியில் நனைந்த மண். கிளாஸ் காலியாகும்வரை ருசி மாறிக்கொண்டே போனது. குறை என்றால் செலவு. 750 மில்லி பாட்டிலில் பன்னிரண்டு கிளாஸ்தான் தேறும். செடி வளர எட்டு வருடம் எடுத்துக்கொள்ளும் சரக்கு மலிவாக வராது.

இரண்டாவது, 40 டெகீலா, 20 மெஸ்கால். பலரும் சிபாரிசு செய்வது இதைத்தான், அதற்கு நல்ல முன்னோடியும் உண்டு. 2007-இல் நியூயார்க்கின் டெத் அண்ட் கோ மதுக்கூடத்தில் ஃபில் வார்ட் உருவாக்கிய ஓஹாகா ஓல்ட் ஃபேஷன்ட். ரெபொசாடோ என்னும், மரப்பீப்பாயில் ஊறிய டெகீலா மூன்று பங்கு, மெஸ்கால் ஒரு பங்கு. அதில் அந்த ஒரு பங்கு மெஸ்கால் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆனால் அது புளிப்பும் முட்டையும் இல்லாத பானம் என்பதை மறந்துவிடுகிறோம். அதே யோசனையைச் சவருக்குக் கொண்டுவந்தால் புகை காணாமல் போகிறது. மூன்றில் ஒரு பங்கு ஊற்றியும் என் மனைவி, “இதுல புகையே இல்லையே” என்றாள். நல்ல டெகீலா சவர், அவ்வளவுதான். பாதிக்குப் பாதி ஊற்றினால் புகை திரும்பி வரும். ஆனால் அப்போது மிச்சமாகும் காசும் குறைந்துவிடும்.

மூன்றாவதுதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஷேக்கருக்குள் டெகீலா மட்டும். ஊற்றி, நுரை எழும்பி நின்றபிறகு அதன்மேல் மெஸ்கால். முதலில் கரண்டியின் பின்பக்கமாக 10 மில்லி மெதுவாக ஊற்றினேன். நுரையில் ஓட்டை விழுந்து கிணறு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் மெஸ்காலை நிரப்பி ஐந்து தடவை அடித்தேன். ஒரு மில்லி அளவுக்குக்கூட வந்திருக்காது. நுரை அப்படியே நின்றது. நண்பன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே, “மச்சான், ஐந்திலேயே இதுலதான்டா புகை ஜாஸ்தி” என்றான். 60 மில்லி உள்ளே போன கிளாஸைவிட, ஒரு மில்லி மேலே நின்ற கிளாஸ் அவனுக்கு அதிகமாகப் புகைந்தது! யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. புகையை நாம் மூக்கால்தான் அறிகிறோம், குடிக்கும்போது மூக்கு நுரைக்கு ஒரு விரலுக்கடை மேலே இருக்கிறது. ஆனால் ஏழெட்டு மிடறு தாண்டினால் வேஷம் கலைந்துவிடும். நுரை போனதும் கையில் இருப்பது வெறும் டெகீலா சவர்.

நான்காவது, மெஸ்கால் கிடைக்காதவர்களுக்கான குறுக்கு வழி. டெகீலா சவரில் ஐலா தீவு ஸ்காட்ச் ஒரு தேக்கரண்டி. இதற்கும் பேர்போன முன்னோடி இருக்கிறது. 2005-இல் சாம் ராஸ் நியூயார்க்கின் மில்க் அண்ட் ஹனி மதுக்கூடத்தில் உருவாக்கிய பெனிசிலின் என்ற பானம். சாதாரண ஸ்காட்ச், எலுமிச்சை, தேன், இஞ்சி, கடைசியில் மேலாக ஐலா விஸ்கி. அங்கே அது பிரமாதம். இங்கே? “ஏங்க, இதுல என்ன டிஞ்சரா ஊத்தினீங்க?” ஐலா புகை விறகுப் புகை இல்லை, பீட் என்னும் மக்கிய கரிமண்ணை எரித்து வரும் புகை. அதில் ஒரு மருந்து நெடி உண்டு. தேனுக்கும் இஞ்சிக்கும் ஒத்துப்போகும் அந்த நெடி, கற்றாழையோடு சேரும்போது முறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஐந்தாவது புகைத் துப்பாக்கி. மரத்தூளைப் பற்றவைத்து, குழாய் வழியாகப் புகையை ஊதி, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, திறக்கும்போது எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். பார்க்க அழகு. “ஹோமம் முடிஞ்ச வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்குடா” என்றான் நண்பன். கொஞ்ச நேரம் கூடுதலாக விட்டால் நுரை புகையைக் குடித்துக் கசக்க ஆரம்பிக்கிறது. விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட நினைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அந்தக் காசை இன்னொரு பாட்டிலுக்கு வையுங்கள்.

என் கட்சி எது என்று கேட்டால், தனியாகக் குடிக்கும் இரவுக்கு முதல் கிளாஸ். மெஸ்கால் என்றால் என்னவென்றே தெரியாத நாலு பேர் வீட்டுக்கு வந்தால் மூன்றாவது. காசு பார்க்காத நாளில் இரண்டையும் சேர்ப்பேன். உள்ளேயும் மெஸ்கால், மேலேயும் இரண்டு ஸ்பிரே. பாட்டில் வாங்கும்போது எஸ்பதீன் போதும், மரப்பீப்பாயில் ஊறாததாக இருக்கட்டும். தொபலா போன்ற அரிய காட்டு ரகங்களை எலுமிச்சையோடு குலுக்குவது பட்டுப்புடவையில் தரை துடைப்பது மாதிரி. அதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஆரஞ்சுத் துண்டைக் கடித்துக்கொண்டு தனியாகக் குடிக்க வேண்டும், ஓஹாகாவில் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

புளிப்பில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆங்கிலக் குறிப்புகளைப் பார்த்துப் பெரிய மஞ்சள் லெமனைத் தேடி அலைய வேண்டாம். மெக்சிகோக்காரர்கள் லிமோன் என்று சொல்லி எல்லாவற்றிலும் பிழியும் சின்னப் பழமும், நம் வீட்டு எலுமிச்சையும் ஒரே இனம். ஆசியாவில் இருந்து கிளம்பி ஸ்பானியர்களோடு அங்கே போய்ச் சேர்ந்த பழம் அது. லெமனில் போட்டால் பானம் மென்மையாக, கொஞ்சம் மழுங்கலாக வருகிறது. எலுமிச்சையில் கூர்மை இருக்கிறது, புகைக்கு அது வேண்டும். இனிப்புக்குக் கற்றாழைப் பாகு பொருத்தமாக இருக்கும். ஆனால் சர்க்கரையைவிடத் தித்திப்பு அதிகம் என்பதால் 10 மில்லி எடுத்து அதே அளவு வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சர்க்கரைப் பாகு போட்டால் பெரிய நஷ்டமில்லை.

நுரை விஷயத்தில் முட்டைதான் ஜெயிக்கிறது. அதன் நுரை கனமாக, பட்டு மாதிரி நிற்கும். பச்சை முட்டை வேண்டாம் என்பவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் இருக்கிறது. 2015 வாக்கில் உலகமெங்கும் பிரபலமானது, அக்வாஃபாபா என்று பெயர். நுரை நன்றாகவே வரும். கொஞ்சம் பெரிய குமிழாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சுண்டலுக்கு உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீரை எடுத்துவிடாதீர்கள். குக்கர் தண்ணீர் நீர்த்திருக்கும், அடுப்பில் வைத்து வெள்ளைக்கரு பதத்துக்குச் சுண்டவைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முட்டை போட்டால் முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி குலுக்க வேண்டும், பிறகு ஐஸ் போட்டு இன்னொரு 15. அந்த முதல் குலுக்கலில்தான் மூடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஐஸ் இருந்தால் உலோகம் குளிர்ந்து மூடி தானாகக் கவ்விக்கொள்ளும். இல்லாதபோது உள்ளே நுரை பெருகித் தள்ளும். நான் ஒற்றைக் கையால் ஸ்டைலாகக் குலுக்கப் போய் மூடி பறந்தது. சட்டை, அடுப்பு மேடை, மிக்ஸி எல்லாம் அபிஷேகம். முட்டையும் மெஸ்காலும் கலந்து காய்ந்த நாற்றம் மறுநாள் வரை போகவில்லை.

டீ வடிகட்டி வழியாக ஊற்றி, அரை நிமிடம் நுரையை எழும்ப விடுங்கள். மேலே மூன்று சொட்டு அங்கோஸ்தூரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரம். அழகுக்கு மட்டுமல்ல, முட்டையின் கவுச்சியை மறைக்கவும்தான். ஸ்பிரே அடிப்பதென்றால் பிட்டர்ஸ் வேண்டாம், மெஸ்காலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஸ்பிரே பாட்டில் இப்போது சமையலறை ஜன்னலில், புதினாத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் என் மனைவி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: “செடிக்கு அல்ல.”