ஜவ்வாது மலைக்குச் சைக்கிள் பயணம் என்று பணம் கட்டுவதற்கு முன்னால்

வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு இரண்டு நாள் சைக்கிள் பயணம் கூட்டிப்போகிறோம் என்று வாட்ஸப்பில் சுற்றும் விளம்பரத்தைப் பார்த்து யாராவது பணம் கட்ட நினைத்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். பொங்கல் முடிந்த வாரம் நானும் என் அக்கா மகளும் போனோம். ஆளுக்கு 4,500 ரூபாய், சைக்கிளுக்கு முன்பணம் ஆளுக்கு 1,500. மொத்தம் 12,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு முதல் நாள் மதியமே நடுவழியில் நின்றோம். நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் நடக்கட்டும்.

விளம்பரத்தில் சொன்னது இது: முழுக்க ஊர்ச்சாலை, லேசான ஏற்ற இறக்கம், முதல் நாள் 72 கிலோமீட்டர், பின்னாலேயே உதவி வேன், நல்ல கியர் சைக்கிள், ராத்திரி ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டில் தங்கல், சாமைச் சோறு. நான் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். வேலூரிலிருந்து போளூரே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கிருந்து அத்திமூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூர் போக இன்னும் 40 ஆகும். 72 எப்படி வந்தது என்று நடத்துகிறவரிடம் போனிலேயே கேட்டேன். “சார், நாங்க குறுக்குவழி வெச்சிருக்கோம், மெயின் ரோட்டுப் பக்கமே போகமாட்டோம்” என்றார். அந்தப் பதிலோடு நான் விட்டிருக்கக் கூடாது.

காலை ஐந்தரைக்குக் கோட்டை அகழி ஓரம் சைக்கிளைக் கொடுத்தார்கள். நல்ல இருட்டு, பனி வேறு. டயரை அழுத்திப் பார்த்தேன், செயினில் எண்ணெய் இருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். வழியைப் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். வேன் ஏழு மணிக்குக் கிளம்பி வந்து பிடித்துக்கொள்ளும் என்றார்கள். வெளிச்சம் வந்ததும் அகழித் தண்ணீர் பின்னால் தெரிய, இரண்டு சைக்கிளையும் நிறுத்தி அக்கா மகள் ஒரு போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோதான் பிறகு கைகொடுத்தது.

கணியம்பாடி தாண்டிக் கண்ணமங்கலம் வரைக்கும் வழி முழுக்கத் திருவண்ணாமலை மெயின் ரோடுதான். பஸ்ஸும் கரும்பு லாரியும் உரசிக்கொண்டு போகிற சாலை. ஊர்ச்சாலை எங்கே என்று தேடிக்கொண்டே மிதித்தோம். அதற்குப் பிறகு வயல்வெளிச் சாலை வந்தது, மனசு குளிர்ந்ததும் உண்மைதான். இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு, தூரத்தில் மலை, புளியமர நிழல். ஆனால் அறுப்புக் காலத்தில் அந்தச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். வைக்கோல் பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டால் செயின் இறுகி நின்றுவிடும். மூன்று முறை இறங்கி, குச்சியால் நோண்டி எடுத்தோம். அந்தப் பருவத்தில் ஒருமுறையாவது அந்த வழியில் போனவர் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

கியர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வாடகைச் சைக்கிள் எடுக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். எங்களுக்குச் சொன்னது முன்னால் மூன்று பல்சக்கரம், சின்னது 28 பல். பின்னால் பெரியது 34 பல். அப்படி இருந்தால் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் 1.8 மீட்டர் நகரும். மேட்டில் மெதுவாக, மூச்சு வாங்காமல் ஏறலாம். கையில் கிடைத்ததில் முன்கியர் மாற்றுகிற கேபிளே அறுந்து, செயின் நடுவில் இருந்த 38 பல்லிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பெரியது 28 பல்தான், உட்கார்ந்து எண்ணினேன். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 மீட்டர். சமதரையில் இது தெரியவே தெரியாது. மேடு வந்தால் முழங்காலில் தெரியும். சந்தவாசல் போவதற்குள் வந்த சின்னச் சின்ன மேட்டிலேயே அக்கா மகள் எழுந்து நின்று மிதித்தாள். இதை வைத்துக்கொண்டு மலைப்பாதை எப்படி ஏறுவது?

சந்தவாசலுக்கு அப்புறம் போனில் இருந்த கோடு போளூர் பக்கம் போகாமல் மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பியது. தார்ச்சாலை மண்சாலை ஆனது, மண்சாலை மாட்டுத்தடம் ஆனது. கூழாங்கல்லும் கருவேல முள்ளுமாக இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனோம். எதிரே வந்த வனத்துறை ஊழியர் நிறுத்தினார். “இன்னா சார், எங்க போறீங்க? இது ரிசர்வ் பாரஸ்ட்டு. பர்மிசன் வெச்சிருக்கீங்களா?” அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பக்கம் சைக்கிள் போகிற சாலை எதுவும் கிடையாது என்றும் சொன்னார். போனைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த வழியில் அவர்கள் யாருமே போனதில்லை. வழி போட்டுத் தருகிற செயலிகளில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி வைத்தால், நடுவில் வரைபடத்தில் இருக்கிற எந்தக் கோட்டையும் பிடித்து அது இணைத்துவிடும். அது தார்ச்சாலையா, ஓடையா, மாடு போகிற தடமா என்று அதற்குத் தெரியாது. 72 கிலோமீட்டர் வந்தது அப்படித்தான். வீட்டில் உட்கார்ந்து இழுத்த கோட்டுக்கு எங்களிடம் 4,500 வாங்கியிருக்கிறார்கள்.

திரும்புகிற வழியில் அக்கா மகள் சைக்கிளில் முள் ஏறிப் பஞ்சர். வேனுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. கொடுத்திருந்த மாற்று ட்யூபைப் பிரித்தால், அது நம்ம ஊர் சாதாரணச் சைக்கிள் ட்யூப். அதன் வால்வு தடிமன். இந்த ரிம்மில் இருந்த துளை மெல்லிய வால்வுக்கானது, ஆறரை மில்லிமீட்டர்தான். உள்ளேயே நுழையவில்லை. பயணத்துக்கு மாற்று ட்யூப் கொடுக்கிறவர் அதை ஒருமுறை ரிம்மில் வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டு வந்து ஒரு ஊரில் சைக்கிள் கடையைப் பிடித்தோம். கீற்றுக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, ஒரு பெரியவர். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டுப் போட்டார். முடித்துச் சக்கரத்தை மாட்டும்போது கை நின்றது. பிரேக் கட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் தகடு பளபளவென்று தெரிந்தது. ரிம்மில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார், கோடு விழுந்து தகடு அரித்திருந்தது.

“இன்னா சார், கட்டையே இல்லாம மலை எறங்கப் போறீங்களா? பாப்பாவ வேற இட்டுக்கினு வந்துக்கிறீங்க.”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சமதரையில் அது பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அத்திமூர் இறக்கத்தில், வளைவில், அந்தத் தகடு என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். என் அக்காவிடம் “நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிப்போனேன். பணம் போனது வேறு, இது வேறு.

பெரியவர் நான்கு கட்டையும் புதிதாக மாற்றினார். எல்லாம் சேர்த்து 180 ரூபாய். கேட்டதும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அங்கிருந்தே ஜமுனாமரத்தூரில் தங்கவேண்டிய வீட்டுக்குப் போன் போட்டேன். அந்த அம்மாவுக்கு எங்களைப் பற்றித் தகவலே இல்லை. “யாரும் சொல்லலையே சாமி, இருந்தாலும் வாங்க, ஏதாவது செஞ்சி போடறேன்” என்றார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மலையேறி முடிக்க இருட்டிவிடும். “மாமா, திரும்பிடலாம்” என்று அவளே சொன்னாள். வேலூருக்குக் காலியாகத் திரும்பிய ஒரு குட்டியானையில் 1,200 ரூபாய் பேசிச் சைக்கிளோடு ஏறினோம். வேன்காரர் போன் ஆறு மணிக்கு வந்தது, “எங்க சார் இருக்கீங்க?” என்று.

மறுநாள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது சக்கரம் கோணிவிட்டது என்று முன்பணம் 3,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டார்கள். காலையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். புறப்படும்போதே பின்சக்கரம் பிரேக் கட்டை மேல் சாய்ந்திருந்தது அதில் தெளிவாகத் தெரிகிறது. “பார்த்துட்டுச் சொல்றோம் சார்” என்றார்கள். இரண்டு வாரமாகப் பதில் இல்லை.

பணம் கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது, இந்த வழியில் கடைசியாக எப்போது சைக்கிளில் போனீர்கள் என்பதுதான். போனவர் பதில் சொல்கிற விதமே வேறாக இருக்கும். வைக்கோலையும் வர்ணம் பூசாத வேகத்தடையையும் டீக்கடையையும் அவரே சொல்வார். வழியை முன்கூட்டியே வாங்கிச் செயற்கைக்கோள் படத்தில் ஓட்டிப் பாருங்கள், தார் முடிகிற இடம் தெரிந்துவிடும். தங்கும் வீட்டு எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். சைக்கிளை வெளிச்சத்தில்தான் வாங்க வேண்டும். பிரேக் கட்டை ரப்பரில் இருக்கவேண்டிய கோடு தேயாமல் இருக்கிறதா, எல்லாக் கியரும் விழுகிறதா என்று பார்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது கேளுங்கள். எங்கள் பணம் ஒரு தனிநபர் கணக்குக்குத்தான் போயிருக்கிறது, பில் இல்லை. நல்லவேளையாகப் பேசிய வாட்ஸப் அப்படியே இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் ரசீதையும் வாட்ஸப்பையும் அழிக்காமல் வைத்து, நீங்களும் மனு போடுங்கள். பெரியவர் கழற்றிக் கொடுத்த நான்கு கட்டைகளையும், அவர் எழுதிக்கொடுத்த 180 ரூபாய்த் தாளையும் ஒரு கவரில் போட்டு மனுவோடு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.