எஃப்டி8-உடன் ஏழு ஆண்டுகள்: திருச்சி மொட்டை மாடியிலிருந்து ஒரு ஹாமின் அனுபவம்

எஃப்டி8 என்பது கணினி வழியாக மிக மெலிந்த வானொலிச் சமிக்ஞைகளில் குறுஞ்செய்தி அனுப்பிப் படிக்கும் முறை. 2018 ஜூனில்தான் அதை முதன்முதலில் என் வானொலியில் ஓட்டிப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க அதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவன் நான். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்பு கொள்வது, என்றால் எனக்கு மோர்ஸும் குரலும்தான். கணினியும் கணினியும் பேசிக்கொள்ளும்போது நடுவில் மனிதனுக்கு என்ன வேலை என்று நண்பர்களிடம் எவ்வளவோ வாதாடியிருக்கிறேன்.

என்னை மாற்றியது வீடு. தனி வீட்டை விட்டு மூன்றாம் மாடி அடுக்ககத்துக்கு வந்த பிறகு 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்) இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர்கள், செல்போன் அடாப்டர்கள் என்று சுற்றியிருக்கும் முப்பது வீட்டுக் குப்பையும் என் ஆன்டெனாவில்தான் வந்து விழுந்தது. தெருவே இருட்டாகும் மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் ரிக்கை, அதாவது வானொலிக் கருவியைப் போட்டால்தான் பழைய பேண்ட் திரும்பக் கிடைக்கும். வெள்ளைக்காரர் குரல் ஒன்று மெல்ல எழும்பும், உடனே கரண்ட் வந்துவிடும். போதாக்குறைக்குச் சூரியனும் தன் செயல்பாட்டுச் சுழற்சியின் அடிமட்டத்தை நோக்கி இறங்கி, தூரத்து அலைகள் எட்டாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. பத்து வாட்டில் குரல் போட்டு வெளிநாடு பிடிப்பது கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது.

எஃப்டி8 இந்த மாதிரி இடத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கி 2017 ஜூன் கடைசியில் வெளியிட்டார்கள். டெய்லர், இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் பல்சரை (வானொலித் துடிப்புகள் அனுப்பும் விண்மீனை) கண்டுபிடித்ததற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். விண்வெளியிலிருந்து வரும் மிக மெலிந்த சமிக்ஞைகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதே அவர் தொழில். அந்தக் கைப்பழக்கம் இதில் தெரிகிறது. நேரத்தை 15 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு நான், அடுத்த துண்டு நீங்கள் என்று மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் 12.64 நொடி, 8 தொனிகள், மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ்தான். 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்தால் இரைச்சலுக்குச் சுமார் 21 டெசிபல் கீழே இருக்கும் சமிக்ஞையைக்கூடப் படித்துவிடும். அதாவது இரைச்சலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத வலிமை. அந்த நிலையில் காதுக்கு எதுவுமே கேட்காது.

என்னிடம் இருந்தது ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் என்ற சிறிய ரிக். அவருடைய முதல் பிட்எக்ஸ் 2003-இல் வந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் காயில் (கம்பிச் சுருள்) சுற்றி, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாமானை வைத்தே செய்துகொள்ளும்படி சர்க்யூட்டை எல்லோருக்கும் திறந்து கொடுத்தவர் அவர். மைக்ரோ பிட்எக்ஸில் மென்பொருளும் அப்படித்தான். உள்ளே இருக்கும் ஆர்டுயினோவில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஒரு யுஎஸ்பி சவுண்டு கார்டு, இரண்டு ஆடியோ கேபிள், பழைய லேப்டாப், மாடியில் தலைகீழ் 'வி' வடிவில் கட்டிய 10 மீட்டர் நீள டைபோல் ஆன்டெனா. அவ்வளவுதான் செலவு.

முதல் வாரமே பிரேசில் கிடைத்தது. ஐந்து வாட், சுமார் 14,000 கிலோமீட்டர். திரையில் என் அழைப்புக்குறியும் பக்கத்தில் மைனஸ் 19 டெசிபல் என்ற சமிக்ஞை அளவும் வந்து நின்றபோது சத்தம் போட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். குரலில் அந்த நாட்டை அதுவரை நான் பிடித்ததே இல்லை.

பிறகு வந்த மாதங்கள் அவ்வளவு சுலபமாக இல்லை. பெரும்பாலும் என் தவறுகள்தான், புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். லேப்டாப் கடிகாரம் இரண்டு நொடி தள்ளிப் போயிருந்தது; ஒரு மாலை முழுக்க அழைத்தும் யாரும் பதில் சொல்லவில்லை. இணையத்தோடு நேரத்தைச் சரிசெய்த பிறகே புரிந்தது. அடுத்தது ஆடியோ அளவு. அதிகம் ஏற்றினால் தூரம் போகும் என்று நினைத்து ஏற்ற, வாட்டர்ஃபாலில் (சமிக்ஞைகளைக் கோடுகளாகக் காட்டும் திரையில்) என் சமிக்ஞை நாலைந்து இடத்தில் பேய்போலத் தெரிகிறது என்று ஒரு நண்பர் படம் எடுத்து அனுப்பினார். வெட்கமாகப் போனது. மூன்றாவது சூடு. குரலில் பேச்சுக்கு நடுவே மூச்சு விடுவோம், ரிக்கும் ஆறும். இதில் 12.64 நொடியும் முழு வலிமை. மே மாத வெயிலில் பத்து வாட்டில் ஓட்டி, ஒரு ஜோடி ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டரை எரித்தேன். இப்போது பெரிய ஹீட் சிங்க், பழைய கணினியின் ஃபேன், ஐந்து வாட்டுக்கு மேல் கிடையாது. அப்புறம் ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்த ஏழு ஆண்டில் என் மனதில் ஆழப் பதிந்தது 2018 டிசம்பர். எஃப்டி8-ஐ ஓட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் 2.0 பதிப்பு 10-ஆம் தேதி வந்தது. செய்தியின் அளவு 75 பிட்டிலிருந்து 77 ஆனது. பழைய பதிப்பும் புதியதும் ஒன்றையொன்று படிக்க முடியாது. ஜனவரி 1-க்குள் எல்லோரும் மாறிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். யார் கட்டாயப்படுத்த முடியும்? கம்பெனியும் இல்லை, சட்டமும் இல்லை. முதல் நாட்களில் வாட்டர்ஃபாலில் கோடுகள் நிறையத் தெரியும், ஆனால் பாதி டிகோட் ஆகாது. ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து பார்த்தேன். பழைய கோடுகள் குறையக் குறையப் புதிய பெயர்கள் கூடின. பொங்கலுக்குள் என் திரையில் பழைய பதிப்புக்காரர்கள் அநேகமாக இல்லை. ஹாம்கள் பழமைவாதிகள், மாற மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஐந்து வாரம்தான் ஞாபகம் வரும்.

சண்டை போடாமல் எதையும் ஏற்றதில்லை என்பதும் உண்மைதான். குரல் அனுப்பும் பழைய முறையான ஏஎம்-இலிருந்து புதிய எஸ்எஸ்பி-க்கு மாறியபோது, அது வாத்து கத்துவது போல இருக்கிறது என்றார்கள். 2003 உலக வானொலி மாநாட்டில் மோர்ஸ் தேர்வைக் கட்டாயமில்லை என்று ஆக்கியபோது பொழுதுபோக்கே செத்தது என்றார்கள். எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த பெரியவரும் எஃப்டி8 விஷயத்தில் அப்படித்தான். "தம்பி, உன் காது என்ன செஞ்சுது இதுல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஏனென்றால் இதில் இழப்பு இருக்கிறது. ஒன்றரை நிமிடத்தில் ஒரு தொடர்பு முடியும்: அழைப்புக்குறி, எம்கே90 என்ற என் இருப்பிடக் கட்டம், சமிக்ஞை அளவு, விடைபெறும் வாழ்த்தான 73. எதிர்முனையில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது. சொந்தமாக எழுதலாம் என்றால் 13 எழுத்துதான் இடம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் என் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) இருக்கின்றன, அவற்றில் நண்பர் என்று சொல்ல நாலு பேர். அந்த நாலு பேரும் மோர்ஸில் கிடைத்தவர்கள். எஃப்டி8 ஓடும் 14.074 மெகாஹெர்ட்ஸில் மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள் உலகமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் குரல் பகுதி காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அதனால் காலையில் 40 மீட்டரில் நம் ஊர்க்காரர்கள் கூடும் நெட்டுக்குக் குரலில் போவதை நான் விடவே இல்லை. வெள்ளத்துக்கும் புயலுக்கும் கைகொடுக்கப் போவது அந்தப் பழக்கம்தான், எஃப்டி8 இல்லை.

ஆனால் உரையாட முடியாத அந்தக் குறைக்கு மருந்தும் அதே மென்பொருளிலிருந்தே வந்தது. மூல நிரல் திறந்திருந்ததால், 2018-லேயே இன்னொரு ஹாம் அதை எடுத்து ஜேஎஸ்8கால் செய்தார். அதே மெலிந்த சமிக்ஞை வேலை, ஆனால் தட்டச்சு செய்து உரையாடலாம். மழைக்காலத்தில் அதைப் பயன்படுத்துகிறேன். மெதுவாகப் போகும், ஆனால் பேச்சு பேச்சாக இருக்கிறது. எனக்கு இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். பிடிக்கவில்லையா, திறந்து பார், மாற்று, நீயும் திறந்து கொடு. ஃபர்ஹான் வாஷரில் காயில் சுற்றிக் காட்டியதும் டெய்லர் நிரலைக் கொடுத்ததும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. புதிய முறை எதுவானாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது அதன் உள்ளே நம்மை விடுகிறார்களா என்பதைத்தான்.

பெரியவருக்குப் போன வருடம் காது மிகவும் மங்கிவிட்டது. மோர்ஸின் உயர்ந்த தொனி அவருக்குக் கேட்பதில்லை. அவர் கேட்காமலே ஒரு லேப்டாப்பை எடுத்துப் போய் அவருடைய ரிக்கில் மாட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் தொடவில்லை. பிறகு ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் போன்: "தம்பி, ஜப்பான் மைனஸ் 14. இதுல ஆர்ஆர்73-ன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமா, இன்னும் நான் 73 போடணுமா?" முடிந்துவிட்டது, போட்டாலும் தப்பில்லை என்றேன். போட்டார். லாகை மட்டும் இன்றும் பேனாவால்தான் எழுதுகிறார்.

2023, 24-இல் சூரியன் உச்சத்துக்கு வந்தபோது 10 மீட்டரில் குரலிலேயே ஐரோப்பா கிடைத்தது. அந்த மாதங்களில் எஃப்டி8-ஐ அவ்வளவாகத் திறக்கவில்லை. சூரியன் மறுபடி இறங்கும்போது திரும்பி வருவேன். அதற்குள் மைக்ரோ பிட்எக்ஸின் ஃபேனை மாற்ற வேண்டும், சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.